கலைக்கூடமும் கட்டடமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமகாலக் கலைக் கண்காட்சிகளுக்குப் போக ஆரம்பித்தவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும், கட்டடக்கலை படிப்பவர்கள் கேட்கும் சில கேள்விகளும் இங்கே இருக்கின்றன. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு படைப்பு தொங்கும் சுவர், அதன்மேல் விழும் வெளிச்சம், அதை நோக்கி நாம் நடந்து வரும் தரை ஆகிய எல்லாமே நாம் பார்ப்பதில் சேர்ந்தவை. அறையைக் கவனிக்காமல் படத்தை மட்டும் பார்த்தோம் என்று சொல்பவர்கள் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த எண்ணத்திலிருந்து வருபவை.

கேலரியும் அருங்காட்சியகமும் ஒன்றுதானா?

இல்லை. கேலரி என்பது பொதுவாக வணிக இடம். சில கலைஞர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய படைப்புகளைக் காட்சிக்கு வைத்து விற்றுக் கொடுக்கும். விற்ற தொகையில் பெரும்பாலும் பாதியை ஒட்டி எடுத்துக்கொள்ளும். அருங்காட்சியகம் சேகரித்துப் பாதுகாக்கிற இடம். சொந்தச் சேகரிப்பே இல்லாமல், தற்காலிகக் கண்காட்சிகள் மட்டும் நடத்தும் கலை மையங்களும் உண்டு. பெயரை வைத்து முடிவு செய்ய வேண்டாம்: லண்டனில் உள்ள நேஷனல் கேலரி ஓர் அருங்காட்சியகம்தான்.

வாங்கும் எண்ணம் இல்லாமல் கேலரிக்குள் போகலாமா?

தாராளமாகப் போகலாம். பெரும்பாலான வணிக கேலரிகளில் நுழைவுக் கட்டணம் கிடையாது, வருகிறவர்களில் பெரும்பாலோர் வாங்குவதும் இல்லை. மேசையில் இருப்பவர் பேசவில்லை என்றால் தயங்க வேண்டாம். படைப்புகளின் பட்டியல் கேட்டால் கொடுப்பார்.

சுவர்கள் ஏன் எப்போதும் வெள்ளையாகவே இருக்கின்றன?

எப்போதும் அப்படி இருந்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் காட்சிக்கூடங்களின் சுவர்கள் அடர் சிவப்பு, பச்சை, பழுப்பு என்றிருந்தன. பாரிஸ் நகரின் பெரிய அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோனில் ஓவியங்களைத் தரையிலிருந்து கூரை வரை இடைவெளி விடாமல் அடுக்கி மாட்டினார்கள். கனமான தங்க நிறச் சட்டம்தான் ஒரு படத்தைப் பக்கத்துப் படத்திடமிருந்து பிரித்துக் காட்டியது. யாருடைய படம் கண் மட்டத்தில், யாருடையது உச்சியில் என்பதில் பெரிய சண்டைகளே நடந்தன.

பிறகு ஓவியம் மாறியது. சட்டத்துக்குள் இருக்கும் ஜன்னல் போலத் தெரிவதை ஓவியர்கள் கைவிட்டார்கள். நிறமும் பரப்பும் சட்டம் இல்லாமல் நேராகச் சுவரில் வந்து நின்றபோது, சுற்றிலும் வெற்றிடம் தேவைப்பட்டது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1929-ல் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் ஆல்ஃபிரட் பார், படங்களை வெளிர் நிறச் சுவரில், ஒரே வரிசையில், கண் மட்டத்தில், தாராளமாக இடைவெளி விட்டு மாட்டினார். உலகம் அதைப் பின்பற்றியது. சில பத்தாண்டுகளில் வெள்ளைச் சுவர், மூடிய ஜன்னல், கூரையிலிருந்து வரும் சீரான வெளிச்சம் என்பது விதியாகிவிட்டது.

இந்த அறையை முதலில் தீவிரமாகக் கேள்விக்கு உட்படுத்தியவர்களில் பிரையன் ஓ'டோஹர்ட்டி முக்கியமானவர். 1976-ல் ஆர்ட்ஃபோரம் இதழில் எழுதிய கட்டுரைகளில், இந்த வெள்ளை அறை வெளியுலகத்தையும் காலத்தையும் வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே வைக்கும் எதையும் புனிதப் பொருளாக்கிவிடுகிறது என்று காட்டினார். அவர் சொன்னதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. அடுத்த முறை போகும்போது அறையின் மூலையில் இருக்கும் தீயணைப்புக் கருவியைப் பாருங்கள். ஒரு நொடி, அதுவும் கண்காட்சியில் சேர்ந்ததோ என்று தோன்றும்.

அப்படியானால் வெள்ளை அறை தவறா?

தவறு என்று சொல்ல மாட்டேன். சில படைப்புகளுக்கு அந்த அமைதி தேவை. ஆனால் அதை நடுநிலை என்று அழைப்பதை நான் ஏற்கவில்லை. அதுவும் ஒரு கட்டடக்கலைத் தேர்வுதான், வேறு தேர்வுகளும் இருக்கின்றன.

பிரேசிலில் உள்ள சாவோ பாலோ கலை அருங்காட்சியகம் அதற்கு நல்ல சான்று. லீனா போ பார்டி வடிவமைத்து 1968-ல் திறக்கப்பட்ட கட்டடம் அது. முழுக் காட்சிக்கூடமும் தரையிலிருந்து உயர்த்தப்பட்டு, சுமார் 70 மீட்டர் நீளத்துக்கு இடையில் தூணே இல்லாமல் நிற்கிறது. கீழே உள்ள இடம் பொதுமக்களுக்கு. மேலே காட்சித் தளத்தில் சுவரே இல்லை. ஒவ்வோர் ஓவியமும் ஒரு கண்ணாடிப் பலகையில் மாட்டப்பட்டிருக்கிறது. பலகையின் அடி ஒரு கான்கிரீட் கட்டைக்குள் செருகி நிற்கிறது. உள்ளே நுழைந்தால் பல நூற்றாண்டு ஓவியங்கள் ஒரே நேரத்தில் உங்களை நோக்கி நிற்கும். யார் வரைந்தது என்று தெரிய வேண்டுமானால் பலகையைச் சுற்றிப் பின்பக்கம் போக வேண்டும். பெயர்ச் சீட்டு அங்கேதான். முதலில் படம், பிறகுதான் பெயர். 1990-களில் இந்தக் கண்ணாடிப் பலகைகளை அகற்றி வழக்கமான சுவர்களை எழுப்பினார்கள். 2015-ல் பலகைகள் திரும்பி வந்தன. வந்தே ஆக வேண்டியவை அவை.

இன்னொரு எடுத்துக்காட்டு இத்தாலியில் பொசாஞ்ஞோ என்ற ஊரில் இருக்கிறது. சிற்பி அன்டோனியோ கனோவாவின் பிளாஸ்டர் மாதிரிகளை வைக்க, 1950-களில் கார்லோ ஸ்கார்ப்பா ஒரு சிறு பகுதியைச் சேர்த்துக் கட்டினார். வெள்ளைச் சிற்பம் என்றால் பின்னால் இருட்டான சுவர் வேண்டும் என்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஸ்கார்ப்பா சுவரையும் வெள்ளையாக்கினார். ஜன்னல்களைச் சுவரின் நடுவில் வைக்காமல், கூரையும் சுவர்களும் சேரும் மூலையில் கண்ணாடிப் பெட்டிகளாக அமைத்தார். வெளிச்சம் மூலையிலிருந்து சுவரைத் தடவிக்கொண்டு இறங்குகிறது. சூரியன் நகர நகர, பிளாஸ்டர் உடலின் தோளிலும் விலாவிலும் நிழல் மாறிக்கொண்டே இருக்கிறது. இங்கே வெள்ளைச் சுவர் படைப்பை உலகத்திலிருந்து பிரிக்கவில்லை, நாள் முழுக்கச் சூரியனோடு இணைத்து வைக்கிறது. ஆகவே நிறத்தை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிட முடியாது.

கட்டடம் கலையை விழுங்கிவிடும் என்கிறார்களே?

சில இடங்களில் நடக்கிறது. அதிகம் பேசப்படுவது நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகம். ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த இந்தக் கட்டடம் 1959 அக்டோபரில் திறந்தது, அதற்குச் சில மாதங்கள் முன்பே அவர் இறந்துவிட்டார். நடுவில் பெரிய வெற்றிடம், அதைச் சுற்றி மேலேறும் ஒரே சாய்தளம், வெளிப்புறம் சாய்ந்த வளைந்த சுவர்கள். தரையும் சாய்வு, சுவரும் சாய்வு என்றால் படத்தை எதற்கு நேராக மாட்டுவது? 1956-லேயே வில்லெம் டி கூனிங், ராபர்ட் மதர்வெல் உட்பட 21 கலைஞர்கள் எதிர்ப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள்.

ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1971-ல் நடந்தது. டேனியல் புரேன் என்ற பிரெஞ்சுக் கலைஞர் 20 மீட்டர் உயரம், 10 மீட்டர் அகலத்தில் கோடு போட்ட ஒரு துணியைக் கட்டடத்தின் நடு வெற்றிடத்தில் தொங்கவிட்டார். கட்டடம் எல்லோருடைய கண்ணையும் நடுவுக்கே இழுக்கிறது. சரி, அந்த நடுவையே எடுத்துக்கொள்கிறேன் என்பதுதான் அவருடைய எண்ணம். துணி எதிர்ப்பக்கத்துப் படைப்புகளை மறைக்கிறது என்று டோனால்ட் ஜட், டேன் ஃபிளேவின் போன்ற சக கலைஞர்கள் புகார் செய்ய, கண்காட்சி திறப்பதற்கு முன்பே அதை இறக்கிவிட்டார்கள். அதே கட்டடத்தில் புரேனுக்குத் தனிக் கண்காட்சி கிடைக்க 2005 ஆகிவிட்டது. அந்தக் கட்டடம் எப்படி இயங்குகிறது என்பதை எந்த விமர்சகரையும்விட அந்தத் துணி தெளிவாகச் சொன்னது என்பது என் எண்ணம்.

ஸ்பெயினின் பில்பாவ் நகரில் ஃபிராங்க் கேரி கட்டிய இன்னொரு குகன்ஹைம் 1997-ல் திறந்தது. டைட்டானியத் தகடு போர்த்திய வளைவுகளைப் பார்க்கவே உலகம் அங்கே போகிறது. உள்ளே என்ன கண்காட்சி என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள் குறைவு. ஆனால் அங்கே ஏறக்குறைய 130 மீட்டர் நீளமுள்ள ஒரு கூடம் இருக்கிறது. சாதாரணப் படங்களை வைத்தால் அந்த இடத்தில் காணாமல் போய்விடும். ரிச்சர்ட் செர்ரா அங்கே துருப்பிடித்த எஃகுத் தகடுகளால் ஆன எட்டு மாபெரும் படைப்புகளை நிறுத்தினார். 2005 முதல் அவை நிரந்தரமாக அங்கே இருக்கின்றன. சாய்ந்த தகடுகளுக்கு நடுவே நடக்கும்போது வழி குறுகுகிறது, விரிகிறது, தலை சுற்றுகிறது. வலிமையான கட்டடத்துக்கு அதே வலிமையுள்ள படைப்பு கிடைத்தால் இரண்டும் பிழைக்கும். என் குறை வேறு: பில்பாவைப் பார்த்து ஊர் ஊராகக் கட்டப்பட்ட பல காட்சிக்கூடங்கள் கூரைக்குச் செலவழித்ததில் கொஞ்சமாவது உள்ளே வாங்க வேண்டிய படைப்புகளுக்கு ஒதுக்கியிருக்கலாம்.

காட்சிக்கூடம் கட்டுவதில் எது மிகக் கடினம்?

வெளிச்சம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பகல் வெளிச்சத்தில்தான் நிறம் உண்மையாகத் தெரியும். அதே வெளிச்சம்தான் நிறத்தை அழிக்கவும் செய்யும். காகிதம், நீர்வண்ணம், துணி போன்றவற்றுக்கு வழக்கமாக 50 லக்ஸ் (பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு) வரைதான் அனுமதிப்பார்கள். எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் அளவு. ஒளியால் வரும் சேதம் சேர்ந்துகொண்டே போகும், திரும்பாது. வரைபடங்கள் இருக்கும் அறை மங்கலாக இருப்பதற்கு இதுதான் காரணம். யாரும் மின்சாரம் மிச்சம் பிடிக்கவில்லை. ஓரிரு நிமிடம் நின்றால் கண் பழகிவிடும்.

1817-ல் திறந்த லண்டன் டல்விச் ஓவியக்கூடத்தில் ஜான் சோன் ஜன்னல்களைக் கூரைக்கு ஏற்றினார். சுவர் முழுவதும் படங்களுக்குக் கிடைத்தது, வெளிச்சம் மேலிருந்து சாய்வாக விழுந்தது. பிற்காலக் காட்சிக்கூடங்களில் பல இந்த வழியில்தான் வந்தன.

இதன் உச்சம் என்று நான் நினைப்பது டெக்சஸில் ஃபோர்ட் வொர்த் நகரில் லூயி கான் கட்டி, 1972-ல் திறந்த கிம்பெல் கலை அருங்காட்சியகம். நீளவாக்கில் படுத்த கான்கிரீட் வளைகூரைகள். ஒவ்வொன்றின் உச்சியிலும் நெடுக ஒரு பிளவு. அங்கே டெக்சஸ் வெயில் நேராக உள்ளே வந்தால் படங்கள் தாங்காது. அதனால் பிளவுக்குக் கீழே சிறகு போல விரிந்த, துளையிட்ட அலுமினியத் தகடு. வெயில் அதில் பட்டு மேலே திரும்பி, வளைகூரையின் அடிப்பக்கத்தில் பரவி, அங்கிருந்துதான் அறைக்குள் இறங்குகிறது. கான்கிரீட் வெள்ளி நிறத்தில் மின்னுகிறது. வெளியே மேகம் கடந்தால் உள்ளே தெரியும். கூரை கட்டடத்தையும் தாங்கி, விளக்காகவும் நிற்கிறது.

தவறிப் போனதற்கும் ஒரு சான்று சொல்ல வேண்டும், அதுவும் டெக்சஸில்தான். ஹூஸ்டனில் உள்ள ராத்கோ வழிபாட்டுக்கூடத்துக்காக மார்க் ராத்கோ 14 பெரிய இருண்ட ஓவியங்களை நியூயார்க்கில் தன் ஸ்டுடியோவில் வரைந்தார். கூடத்தின் சுவர்களை அங்கேயே மாதிரியாக எழுப்பிக்கொண்டு, கூரைக் கண்ணாடிக்குக் கீழே ஒரு பாராசூட் துணியை விரித்து வெளிச்சத்தை மட்டுப்படுத்தினார். 1970-ல் அவர் இறந்தார், 1971-ல் கூடம் திறந்தது. நியூயார்க் வானத்துக்கு அளந்த வெளிச்சம் ஹூஸ்டன் வெயிலுக்குப் பொருந்தவில்லை. ஓவியங்களைக் காப்பாற்றப் பிறகு கூரைக்குக் கீழே தடுப்பு வைக்க வேண்டி வந்தது. கூடம் ரொம்பவும் இருண்டுபோனது. 2020-ல் புதிய கூரைச் சாளரத்தோடு புதுப்பித்துத் திறந்தார்கள். ஏறத்தாழ 50 ஆண்டு, ஒரே ஒரு ஜன்னலோடு போராட்டம்.

பழைய தொழிற்சாலைகளை ஏன் கலைக்கூடமாக்குகிறார்கள்?

இடம் பெரியது, வாடகையோ விலையோ குறைவு, தரை எந்தப் பாரத்தையும் தாங்கும். 1960-களுக்குப் பிறகு கலைஞர்களே பழைய பட்டறைகளில் குடியிருந்து வேலை செய்ததால், படைப்புகளின் அளவும் அந்த இடங்களுக்கு ஏற்ப வளர்ந்தது. நியூயார்க் மாநிலத்தின் டியா பீக்கன் கலை அருங்காட்சியகம், முன்பு பிஸ்கட் நிறுவனம் ஒன்றுக்கு அட்டைப்பெட்டி அச்சிட்ட ஆலை. வேலைக்காரர்களின் கண் கூசாமலிருக்க வைத்த வடக்கு நோக்கிய கூரை ஜன்னல்கள், இன்று சிற்பங்களுக்கு அருமையான வெளிச்சம் தருகின்றன. கேப் டவுனில் தானியக் கிடங்கின் கான்கிரீட் குழாய்களைக் குடைந்து 2017-ல் ஒரு கலை அருங்காட்சியகம் எழுந்தது. 2012-ல் தொடங்கிய, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைத் திருவிழாவான கொச்சி-முசிறிஸ் பினாலே, பழைய வணிக நிறுவனக் கட்டடமான ஆஸ்பின்வால் ஹவுஸைத் தன் முதன்மை இடமாக்கிக்கொண்டது.

லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகம்தான் பலருக்கும் தெரிந்தது. மின் நிலையமாக இருந்த கட்டடத்தை ஹெர்சாக் – டி மெய்ரான் என்ற கட்டடக் கலைஞர்கள் மாற்றியமைத்து 2000-ல் திறந்தார்கள். அவர்களுடைய நல்ல முடிவு, டர்பைன்கள் இருந்த கூடத்தைத் தளம் போட்டுப் பிரிக்காமல் அப்படியே விட்டதுதான். 35 மீட்டர் உயரம், 152 மீட்டர் நீளம். 2003-ல் ஓலஃபுர் எலியாசன் கூரையை முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற தாளால் மூடி, ஒரு முனையில் மஞ்சள் விளக்குகளை அரைவட்டமாக வைத்தார். மீதி அரைவட்டம் கண்ணாடியில் தெரிந்து முழுச் சூரியனானது. வந்தவர்கள் தரையில் மல்லாந்து படுத்து, உயரத்தில் எறும்பளவு தெரிந்த தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2007-ல் டோரிஸ் சல்செடோ அதே கூடத்தின் தரையில் 167 மீட்டர் நீளத்துக்கு வளைந்து நெளிந்து ஓடும் ஒரு விரிசலை உண்டாக்கினார். இனவெறியும் குடிபெயர்ந்தவர்கள் படும் பாடும்தான் அதன் பொருள். கண்காட்சி முடிந்ததும் பூசி அடைத்தார்கள். அடைத்த தடம் தரையில் தெரிகிறது, அதன்மேல்தான் எல்லோரும் நடக்கிறார்கள்.

கலைப்பொருளும் கட்டடமும் சேர்ந்தே உருவான இடம் இருக்கிறதா?

ஜப்பானின் டெஷிமா தீவில் 2010-ல் திறந்த கலை அருங்காட்சியகம். கட்டடம் ரியூவே நிஷிசாவா, படைப்பு ரெய் நைட்டோ. உள்ளே ஒரே ஒரு படைப்புதான். கட்டிய விதமே அழகு: மண்ணை மேடாகக் குவித்து, அதன்மேல் கான்கிரீட் ஊற்றி, இறுகியதும் உள்ளே இருந்த மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். 40 மீட்டருக்கு 60 மீட்டர் பரப்பு, நடுவில் தூண் கிடையாது, உயரமான இடத்திலும் நாலரை மீட்டர்தான், கான்கிரீட் ஓட்டின் கனம் 25 செ.மீ. கூரையில் இரண்டு பெரிய நீள்வட்டத் திறப்புகள். கண்ணாடி இல்லை, மழையும் காற்றும் பூச்சியும் அப்படியே உள்ளே வரும்.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். தரையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். அவற்றிலிருந்து நீர் ஒரு துளியாக ஊறி வெளியே வருகிறது. தரை நீரை ஒட்டவிடாது. அதனால் துளி உருண்டு, கொஞ்சம் தயங்கி, இன்னொரு துளியோடு சேர்ந்து, சட்டென்று நீண்டு ஓடி, ஒரு குட்டையில் போய்ச் சேர்கிறது. இதில் எது கட்டடம், எது கலை என்று பிரித்துக் காட்டச் சொன்னால் யாராலும் முடியாது.

அருகே உள்ள நவோஷிமா தீவில் டாடாவோ ஆண்டோ நிலத்தடியில் கட்டிய சிச்சு அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர் மோனேயின் ஐந்து அல்லி ஓவியங்கள் இருக்கின்றன. அந்த அறையில் பகல் வெளிச்சம் மட்டுமே. அறையின் மூலைகளை வளைத்து, தரையைச் சிறுசிறு பளிங்குக் கட்டைகளால் பாவியிருக்கிறார்கள். மேகமான மாலையில் போனால் ஓவியங்களும் மங்கலாகவே தெரியும். எந்த நேரத்தில் போகிறோமோ அந்த நேரத்து ஓவியம்தான் நமக்கு.

கட்டடத்தையே படைப்பாக்கிய கலைஞர்கள் யார்?

கார்டன் மட்டா-கிளார்க் கட்டடக்கலை படித்தவர். 1974-ல் நியூ ஜெர்சியில் இடிக்கப்படவிருந்த ஒரு வீட்டை உச்சியிலிருந்து அடி வரை ரம்பத்தால் இரண்டாக அறுத்தார். ஒரு பக்கத்து அடித்தளத்தைச் சீவிச் சற்று இறக்கியதால், வீடு நடுவில் ஆப்பு வடிவில் திறந்துகொண்டது. ரேச்சல் வைட்ரீட் 1993-ல் கிழக்கு லண்டனில் ஒரு வீட்டின் உள்வெளி முழுவதையும் கான்கிரீட்டால் நிரப்பி, வெளிச்சுவரை உரித்தெடுத்தார். அந்த வீட்டில் வாழ்ந்தவர்கள் நடமாடிய காற்று கல்லாகி நின்றது. அந்த ஆண்டு பிரிட்டனின் பெயர்பெற்ற கலைப் பரிசான டர்னர் பரிசு அவருக்கு. அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். 1994 ஜனவரியில் அதை இடித்துவிட்டார்கள். அந்த முடிவை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

டோனால்ட் ஜட் வேறு திசையில் போனார். டெக்சஸின் மார்ஃபாவில் கைவிடப்பட்ட இரண்டு பீரங்கிக் கொட்டகைகளை எடுத்து, பக்கவாட்டுக் கதவுகளை நீக்கிப் பெரிய ஜன்னல்கள் வைத்து, உள்ளே 100 அலுமினியப் பெட்டிகளை நிறுத்தினார். வெளி அளவு எல்லாவற்றுக்கும் ஒன்றே, உட்பிரிவு ஒவ்வொன்றிலும் வேறு. அருங்காட்சியகங்கள் தன் படைப்புகளை மோசமாக வைக்கின்றன என்ற கோபத்தில் இருந்தவர், இடத்தையும் தானே செய்துகொண்டார்.

சின்னக் கண்காட்சி வைக்கப் போகிறோம். கட்டட விஷயத்தில் எதைக் கவனிப்பது?

முதலில் கதவை அளங்கள். படைப்பு உள்ளே வராது என்பது மாட்டும் நாளில்தான் பலருக்குத் தெரிகிறது. ஜிப்சம் பலகைச் சுவர் என்றால் பின்னால் பிளைவுட் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். இல்லையென்றால் கனமான படத்தைத் தாங்காது. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 முதல் 155 செ.மீ. உயரத்தில் வருவது வழக்கம். குழந்தைகளும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் அதிகம் என்றால் கொஞ்சம் இறக்குங்கள், அதில் தப்பே இல்லை. வெயில் நேராக விழும் சுவரில் காகிதப் படைப்பு வேண்டாம். ஏசி காற்று நேரே அடிக்கும் இடத்திலும் வேண்டாம். பெயர்ச் சீட்டைப் படிக்கக் குனிய வேண்டியிருந்தால் யாரும் படிக்க மாட்டார்கள்.

அப்புறம், இடம் இருக்கிறதே என்று எல்லாச் சுவரையும் நிரப்பாதீர்கள்.

முதல்முறை போகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

சுவரில் ஒட்டிய அறிமுகக் குறிப்பைப் படிக்காமல் அறையின் நடுவில் போய் நில்லுங்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, உங்கள் காலடி ஓசை கேட்கிறதா, எந்தப் படைப்பு வாசலிலிருந்தே தெரியும்படி வைக்கப்பட்டிருக்கிறது, எது திரும்பிய பிறகுதான் தெரிகிறது என்று பாருங்கள். அந்த வரிசையை யாரோ யோசித்துத்தான் அமைத்திருக்கிறார்கள். பிறகு பிடித்த ஒன்றின் முன்னால் மட்டும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்; பக்கத்தில் போய், விலகி வந்து, இன்னொரு வாசலிலிருந்தும் பாருங்கள். மற்றவற்றைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாலும் பரவாயில்லை. குறிப்பைக் கடைசியில் படிக்கலாம்.